துணையை ஸ்பொன்சர் செய்வது: ‘இன்லாண்ட்’டா, ‘அவுட்லாண்ட்’டா?

கல்யாணம் முடிந்த கையோடு கனடாவில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “எந்த வழியில் போட்டால் கெதியாக முடியும்?” என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. துணைக்கு நிரந்தர வதிவிடம் (பி.ஆர்.) எடுக்க வழிகள் இரண்டு: கனடாவில் சேர்ந்து வசித்தபடி போடும் இன்லாண்ட், துணை எங்கிருந்தாலும் போடக்கூடிய அவுட்லாண்ட். ஆனால் இந்த இரண்டையும் எடைபோட அது நல்ல தராசு இல்லை. ஒரு வருடம் இன்லாண்ட் வேகமாக நகரும், அடுத்த வருடம் அவுட்லாண்ட் முந்திக்கொள்ளும். குடிவரவுத் திணைக்களம் தன் தளத்தில் காட்டும் காத்திருப்புக் காலமும் அடிக்கடி மாறும். நீங்கள் விண்ணப்பம் போட்ட பிறகு அது மாறினால், உங்களால் வழியை மாற்ற முடியாது. போட்டதை மீளப் பெற்றுப் புதிதாகப் போட வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு விண்ணப்பங்களை ஒரே நேரத்தில் ஓடவிடவும் முடியாது.

நிலையாக நிற்கும் வேறுபாடுகள் மூன்று. மறுப்பு வந்தால் எங்கே போய் முறையிடலாம்? காத்திருக்கும் காலத்தில் துணை கனடாவை விட்டு வெளியே போக வேண்டி வருமா? இன்றைய தேதியில் துணையிடம் கனடாவில் செல்லுபடியாகும் அந்தஸ்து, அதாவது தங்குவதற்கான சட்டபூர்வ அனுமதி, இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் தேர்வு பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும்.

பெயரால் வரும் குழப்பம்

‘அவுட்லாண்ட்’ என்று நாம் சொல்வது சட்டத்தில் குடும்ப வகுப்பு. ‘இன்லாண்ட்’ என்பது கனடாவுக்குள் உள்ள வாழ்க்கைத்துணை வகுப்பு. துணை வெளிநாட்டில் இருந்தால் அவுட்லாண்ட், கனடாவில் இருந்தால் இன்லாண்ட் என்றே பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. இன்லாண்ட் போட, துணை கனடாவில் ஸ்பொன்சரோடு ஒரே வீட்டில் வசித்தே ஆக வேண்டும். அவுட்லாண்டுக்கு அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. துணை யாழ்ப்பாணத்தில் இருக்கலாம், திருச்சியில் இருக்கலாம், விசிட்டர் விசாவில் வந்து ஸ்காபரோவில் உங்களோடேயே இருந்துகொண்டும் அவுட்லாண்ட் போடலாம்.

ஆகவே துணை வெளிநாட்டில் இருப்பவருக்குத் தேர்வே இல்லை, அவுட்லாண்ட்தான். உண்மையான தேர்வு, துணை ஏற்கெனவே கனடாவில் இருப்பவருக்குத்தான். மாணவராக, வேலை அனுமதியோடு, விசிட்டராக, அகதிக் கோரிக்கையாளராக, அல்லது காலாவதியான விசாவோடு இருப்பவர்கள் இவர்கள். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவர்களுக்கானது.

மறுப்பு வந்தால்

இதுதான் ஆகப் பெரிய வேறுபாடு. விண்ணப்பம் போடும் நாளில் யாரும் இதை நினைப்பதும் இல்லை.

அவுட்லாண்ட் மறுக்கப்பட்டால் ஸ்பொன்சருக்குக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை உண்டு. மறுப்புக் கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் பதிய வேண்டும். பதிவதற்குக் கட்டணம் இல்லை. அந்த விசாரணை, விசா அதிகாரி பார்த்த காகிதங்களோடு நின்றுவிடாது. மறுப்புக்குப் பிறகு நீங்கள் ஊருக்குப் போய்வந்தது, பிறந்த பிள்ளை, அனுப்பிய பணம், இடையில் தொடர்ந்த உரையாடல் எல்லாவற்றையும் புதிய சான்றாக வைக்கலாம். ஸ்பொன்சரும் துணையும் சாட்சி சொல்லலாம். ஒரு அதிகாரி பத்து நிமிட இன்டர்வியூவில் தப்பாகப் புரிந்துகொண்டதை இங்கே அவிழ்த்துக் காட்ட இடம் இருக்கிறது. துணை பொய்த்தகவல் கொடுத்தார் என்ற காரணத்தால் மறுத்திருந்தாலும், கணவன் மனைவி என்றால் இந்த உரிமை போகாது. பாரதூரமான குற்றம், நாட்டின் பாதுகாப்பு, ஒழுங்கமைக்கப்பட்ட குற்றம் போன்ற காரணங்களில்தான் கதவு மூடும்.

இன்லாண்ட் மறுக்கப்பட்டால் மேன்முறையீடு இல்லை. சமஷ்டி நீதிமன்றத்தில் நீதி மீளாய்வுக்கு அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். முடிவு கனடாவுக்குள் எடுக்கப்பட்டதால் அதற்கு 15 நாள்தான் அவகாசம். முதலில் அனுமதி கிடைக்க வேண்டும். கிடைத்தாலும் உங்கள் கல்யாணம் உண்மையா என்று நீதிபதி பார்க்க மாட்டார். அதிகாரி தன் முன் இருந்த காகிதங்களை வைத்து எடுத்த முடிவு நியாயமானதா என்பதை மட்டுமே பார்ப்பார். புதிதாக ஒரு படத்தைக்கூடப் பொதுவாகச் சேர்க்க முடியாது. வென்றால் கோப்பு இன்னொரு அதிகாரியிடம் திரும்பும், பி.ஆர். கையில் வராது.

எனவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: உங்கள் கோப்பில் அதிகாரிக்குச் சந்தேகம் வரக்கூடிய இடம் இருக்கிறதா? வயது வித்தியாசம் அதிகம், மணமுறிவு முடிந்து சில மாதங்களில் அடுத்த கல்யாணம், முன்பு ஒருவரை ஸ்பொன்சர் செய்து முறிந்தது, அகதிக் கோரிக்கை தள்ளுபடியான பிறகு நடந்த கல்யாணம், இரு வீட்டாரும் கலந்துகொள்ளாத சிறு சடங்கு என்று எதுவும் இருந்தால், துணைக்குச் சரியான அந்தஸ்து இருக்கும் வரை அவுட்லாண்டே நல்லது. கல்யாணம் ‘உண்மையானதல்ல’ என்றாலும் மறுக்கலாம், ‘முதன்மையாகக் குடிவரவுக்காகச் செய்யப்பட்டது’ என்றாலும் மறுக்கலாம். 2010 செப்டெம்பர் 30-க்குப் பிறகு இரண்டில் ஒன்று போதும். இன்று நீங்கள் அன்யோன்யமாக வாழ்ந்தாலும், கட்டிய நாளில் நோக்கம் வேறாக இருந்தது என்று அதிகாரி முடிவு செய்தால் கோப்பு விழும். அப்படி விழும் கோப்பைத் தூக்கி நிறுத்த மேன்முறையீட்டுப் பிரிவைப் போல ஒரு இடம் இன்லாண்டில் இல்லை.

பயணம் போக வேண்டி வந்தால்

இன்லாண்ட் என்பதன் அடிப்படையே இருவரும் கனடாவில் சேர்ந்து வசிப்பது. விண்ணப்பம் போடும் நாளிலும் அது உண்மையாக இருக்க வேண்டும், பி.ஆர். கிடைக்கும் நாளிலும் இருக்க வேண்டும். இடையில் அம்மாவுக்குச் சுகமில்லை என்று துணை ஊருக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது விசிட்டர் விசா காலாவதியாகியிருக்கிறது, புதிய விசா மறுக்கப்படுகிறது. அந்த இடத்தில் இன்லாண்ட் கோப்பு செத்துவிடும். காரணம் கல்யாணம் பொய் என்பதல்ல, சேர்ந்து வசிக்கும் நிபந்தனை அறுந்துவிட்டது என்பது. அவுட்லாண்டில் அதே பயணத்தால் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. துணை ஊரிலேயே இருந்து காத்திருக்கலாம்.

பல நாடுகளுக்குப் போய்வந்து வேலை செய்பவர், வயதான பெற்றோர் ஊரில் தனியாக இருப்பவர், தங்கையின் கல்யாணம் நாள் குறித்தவர் இன்லாண்ட் போடுவது, குடையை வீட்டில் வைத்துவிட்டு மழையில் இறங்குவது போன்றது.

அவுட்லாண்டுக்கு இதில் ஒரு குறையும் உண்டு. இன்டர்வியூ கேட்டால் அது துணையின் நாட்டுக்கான விசா அலுவலகத்தில் இருக்கலாம். கனடாவில் இருக்கும் துணை அதற்காகப் பயணம் செய்ய வேண்டி வரும். ஊருக்குத் திரும்பவே முடியாத பாதுகாப்புக் காரணம் உள்ளவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

வேலை அனுமதி: பழைய காரணம் இப்போது இல்லை

“இன்லாண்ட் போட்டால்தானே வேர்க் பெர்மிட் கிடைக்கும்” என்று இன்றும் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. 2023 மே மாதம் முதல், கனடாவில் ஸ்பொன்சரோடு வசிக்கும் துணை அவுட்லாண்ட் போட்டிருந்தாலும், எந்த முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய திறந்த வேலை அனுமதி கேட்கலாம். பி.ஆர். விண்ணப்பம் கிடைத்தது என்ற ஏற்புக் கடிதம் வந்திருக்க வேண்டும். துணைக்குச் செல்லுபடியாகும் தற்காலிக அந்தஸ்து இருக்க வேண்டும், அல்லது காலாவதியான 90 நாளுக்குள் அதை மீட்டுக்கொள்ளும் தகுதி இருக்க வேண்டும். கட்டணம் 155 டொலர், அதோடு திறந்த அனுமதிக்கு 100, மொத்தம் 255.

இங்கே பலர் சறுக்குவது ஏற்புக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் இடைவெளியில். விசிட்டராக உள்ளே வந்தவருக்கு வழக்கமாக 6 மாதம்தான். கடிதம் வருமுன் அது முடிந்துவிட்டால், ‘ஸ்பொன்சர் போட்டாச்சே’ என்று சும்மா இருக்கக் கூடாது. பி.ஆர். விண்ணப்பம் போட்டதால் மட்டும் யாருக்கும் தங்கும் உரிமை வந்துவிடாது. காலம் முடிவதற்கு முன்பே விசிட்டர் நீடிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், பதில் வரும்வரை அந்தஸ்து தொடரும். ஒரு நாள் பிந்தினாலும் அது வேறு கதை.

அந்தஸ்து இல்லாதவருக்கு

இங்கே மட்டும் தராசு முழுதாக இன்லாண்ட் பக்கம் சாயும். விசா காலம் கடந்தும் தங்கியவர், அனுமதியில்லாமல் வேலை செய்தவர் அல்லது படித்தவர், தேவையான விசா இல்லாமல் உள்ளே வந்தவர் ஆகியோருக்கு ஒரு பொதுக்கொள்கைச் சலுகை உண்டு. கனேடியரோடோ பி.ஆர். உள்ளவரோடோ உண்மையான கல்யாணத்தில் சேர்ந்து வாழ்ந்தால், ‘அந்தஸ்து இல்லை’ என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க மாட்டார்கள். இந்தச் சலுகை இன்லாண்டில்தான் இருக்கிறது.

சலுகை எதை மன்னிக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். குற்றப் பதிவை மன்னிக்காது. பொய்த்தகவலை மன்னிக்காது. முன்பு நாடுகடத்தப்பட்டு, திரும்பி வர அனுமதி வாங்காமல் வந்தவரை மன்னிக்காது. இன்னொருவரின் அல்லது போலியான கடவுச்சீட்டைக் காட்டி உள்ளே வந்தவர்கள், எதை எப்போது யாரிடம் சொன்னார்கள் என்பதைப் பொறுத்து நிலைமை மாறும். அது வழக்கறிஞர் இல்லாமல் தொடக் கூடாத கோப்பு.

அகதிக் கோரிக்கை தள்ளுபடியாகி, வெளியேற்றக் கட்டளை உள்ளவர் கல்யாணம் செய்து இன்லாண்ட் போட்டால், வெளியேற்றத்தை 60 நாளுக்கு ஒத்திவைக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. ஆனால் எல்லைச் சேவைகள் முகவரகம் வெளியேற்றத்துக்கான நேர்காணலுக்கு அழைத்துவிட்ட பிறகு போட்டால் அந்த ஒத்திவைப்பு கிடைக்காது. நாள் கணக்கு இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். “கடிதம் வரட்டும், பிறகு பார்க்கலாம்” என்று இருந்தவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

சிலர், “நான் ஊருக்குப் போய் அவுட்லாண்டிலேயே வருகிறேன்” என்று முடிவெடுப்பார்கள். சில கோப்புகளுக்கு அது நல்ல முடிவுதான். அப்படியென்றால் வெளியேறும் முறை முக்கியம். புறப்பாட்டுக் கட்டளை அமலுக்கு வந்து 30 நாளுக்குள், விமான நிலையத்தில் எல்லை அதிகாரியிடம் காட்டி, வெளியேறிய சான்றுப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதைச் செய்யாமல் பேசாமல் விமானம் ஏறினால் அது தானாகவே நாடுகடத்தல் கட்டளையாக மாறிவிடும். பிறகு எத்தனை வருடம் கழித்து வந்தாலும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஒரு தாளுக்காக இத்தனை பாடு.

மூன்றாவது வழி: அவுட்லாண்ட் போட்டுவிட்டு விசிட்டராக அழைப்பது

துணை ஊரில் இருக்கும் பலர் செய்ய விரும்புவது இது. சட்டம் இதைத் தடுக்கவில்லை. நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பதால் மட்டும் ஒருவர் தற்காலிகமாக வர முடியாது என்று ஆகிவிடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் காலம் முடிந்ததும் வெளியேறுவார் என்று அதிகாரி நம்ப வேண்டும். அதற்காகக் கல்யாணத்தை மறைக்க ஆலோசனை சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். விசிட்டர் படிவத்தில் ‘மணமாகாதவர்’ என்று எழுதியவர், ஆறு மாதம் கழித்து ‘மனைவி’ என்று வேறு படிவத்தில் வந்தால், அது பொய்த்தகவல். தண்டனை 5 வருடத் தடை. அந்த 5 வருடமும் பி.ஆர். கேட்கவும் முடியாது.

நேர்மையாகப் போடுவதே வழி. கணவர் அல்லது மனைவி கனடாவில் இருக்கிறார், ஸ்பொன்சர் கோப்பு இந்த இலக்கத்தில் ஓடுகிறது, பி.ஆர். கிடைக்காவிட்டால் காலம் முடியுமுன் திரும்புவார் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, ஏற்புக் கடிதத்தை இணைத்து விடுங்கள். முந்தைய விசா மறுப்புகள் எந்த நாட்டில் இருந்தாலும் சொல்லிவிடுங்கள். விசா கட்டணம் 100 டொலர், கைரேகைக்கு 85. மறுத்தாலும் அவுட்லாண்ட் கோப்புக்குப் பாதிப்பில்லை. கிடைத்தால் துணை இங்கே வந்து, மேலே சொன்னபடி வேலை அனுமதியும் கேட்கலாம். துணை ஊரில் இருப்பவருக்கு நாம் முதலில் சொல்லும் யோசனை இதுதான்.

எந்த வழியிலும் தப்ப முடியாத சில கிடங்குகள்

வழியைத் தேர்ந்தெடுக்கு முன்னரே கல்யாணமும் ஸ்பொன்சரும் சட்டத்தில் நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நம் சமூகத்தில் திரும்பத் திரும்ப வருவது ‘எழுத்து’.

யாழ்ப்பாணப் பக்கம் பதிவுத் திருமணத்தை எழுத்து என்போம். பல வீடுகளில் எழுத்து முதலில் முடியும், தாலி கட்டு மாதக்கணக்கில் பிந்தும். ஊராருக்கு அவர்கள் இன்னும் ‘பேசி வைத்த பிள்ளைகள்’. கனேடியச் சட்டத்துக்கு அவர்கள் எழுத்து எழுதிய நாளிலிருந்தே கணவன் மனைவி. இப்போது பெற்றோரின் கோப்பில் ‘சார்ந்த பிள்ளை’யாகக் கனடாவுக்கு வரும் 21 வயது மகள், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன் எழுத்து மட்டும் எழுதிவிட்டு, தரையிறங்கும்போது ‘மணமாகாதவர்’ என்று சொல்லி வந்தால் என்ன ஆகும்? சார்ந்த பிள்ளை என்றால் 22 வயதுக்குக் கீழ், மணமாகாதவராக இருக்க வேண்டும். அவருடைய பி.ஆர். உரிமையே கேள்விக்குள்ளாகும். அந்தக் கணவர், அறிவிக்கப்படாத, பரிசோதிக்கப்படாத குடும்ப உறுப்பினர் என்று குடும்ப வகுப்பிலிருந்து விலக்கப்படுவார். இன்லாண்டிலும் அதே விலக்கு உண்டு. மேன்முறையீட்டுக்குப் போனாலும் பெரிதாகப் பயனில்லை. குடும்ப வகுப்பில் சேராதவர் என்றால் மனிதாபிமானக் காரணங்களை அந்தப் பிரிவு பார்க்க முடியாது. அவற்றை விண்ணப்பத்தோடேயே அதிகாரியிடம் கேட்டிருக்க வேண்டும்.

2019 செப்டெம்பர் 9-இல் தொடங்கிப் பலமுறை நீடிக்கப்பட்ட ஒரு முன்னோடித் திட்டம், அறிவிக்காமல் விட்ட சிலருக்குக் கைகொடுத்தது. அதற்கும் ஒரு நிபந்தனை: அன்று அறிவித்திருந்தாலும் ஸ்பொன்சர் தகுதி இழந்திருக்கக் கூடாது. மேலே சொன்ன மகள் அறிவித்திருந்தால் சார்ந்த பிள்ளை என்ற தகுதியே போயிருக்கும். ஆகவே அவருக்கு அது உதவாது. எழுத்தைத் தள்ளிப்போட்டிருந்தால் ஒரு சிக்கலும் இல்லை.

அடுத்தது காணொளிக் கல்யாணம். 2015 ஜூன் 11 முதல், இருவரும் ஒரே இடத்தில் நேரில் நிற்காமல் தொலைபேசியிலோ இணையத்திலோ பிரதிநிதி மூலமாகவோ செய்த கல்யாணம் கனேடியக் குடிவரவுக்குச் செல்லாது. செய்த நாட்டில் அது செல்லுபடியானாலும் இதே நிலைதான். விதிவிலக்கு, பணியின் காரணமாகப் போக முடியாத கனேடிய ஆயுதப்படையினருக்கு மட்டுமே. அப்படிச் செய்துவிட்டவர்கள் நேரில் போய் மறுபடி முறைப்படி திருமணம் செய்வது பற்றி அந்த நாட்டுச் சட்டத்தை விசாரிக்க வேண்டும்.

ஸ்பொன்சர் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை எளிது. துணையாக ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவர், பி.ஆர். கிடைத்து 5 வருடம் முடியும்வரை வேறொரு துணையை அழைக்க முடியாது. முந்தைய துணையின் செலவுக்குப் பொறுப்பேற்பதாகக் கொடுத்த உறுதிமொழி, அதாவது 3 வருடப் பொறுப்புறுதி, ஓடிக்கொண்டிருந்தாலும் முடியாது. இயலாமைக்காக அல்லாமல் அரச சமூக உதவிப் பணம் வாங்குபவரும் முடியாது. பி.ஆர். உள்ள ஸ்பொன்சர் கனடாவில் வசிக்க வேண்டும். குடியுரிமை உள்ளவர் வெளியில் வசித்தாலும் போடலாம், துணைக்குப் பி.ஆர். கிடைத்ததும் கனடாவில் குடியிருப்போம் என்று காட்ட வேண்டும். பலர் பயப்படும் வருமான எல்லை, கணவன் மனைவி கோப்புக்குப் பொதுவாகக் கிடையாது. அது பெற்றோரை அழைப்பதோடு குழப்பிக்கொள்வதால் வருவது. அதேபோல் நீரிழிவு, சிறுநீரக நோய் போன்றவற்றால் மருத்துவச் செலவு கூடும் என்று துணையை மறுக்கவும் முடியாது.

சான்றுகள்: கனத்தை விட ஒழுங்கு

படிவங்கள் இரண்டு வழிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பொன்சர் நிரப்பும் ஐ.எம்.எம். 1344, இருவரும் சேர்ந்து நிரப்பும் உறவு பற்றிய 5532, துணையின் 0008, அவருடைய கடந்தகால விவரங்களைக் கேட்கும் 5669, குடும்ப விவரம் கேட்கும் 5406, ஆவணப் பட்டியலாகிய 5533. எல்லாம் இணையவழித் தளத்தில் ஏற்ற வேண்டியவை. கோப்பு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் 5532-இல்தான். எப்படிச் சந்தித்தீர்கள், யார் பேசிவைத்தார்கள், யார் யார் கல்யாணத்துக்கு வந்தார்கள் என்பதற்கெல்லாம் அங்கே எழுதுவதும், பின்னாளில் இன்டர்வியூவில் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். “சாதகம் பொருந்தியது, பெரியவர்கள் முடித்தார்கள்” என்று ஒரு வரியில் விடாதீர்கள். யார் முதலில் தொலைபேசி எடுத்தார், பொருத்தம் பார்த்த பிறகு நீங்கள் இருவரும் எத்தனை மாதம் பேசினீர்கள், ஏன் சம்மதித்தீர்கள் என்பதை எழுதுங்கள். பேசிச் செய்த கல்யாணத்தைப் பற்றி அதிகாரிக்குத் தெரியும். அதில் உங்கள் இருவரின் முடிவு எங்கே இருக்கிறது என்பதையே அவர் தேடுகிறார்.

படம் 20, உரையாடல் சான்று 10 பக்கம் என்று பட்டியலே எல்லை போடுகிறது. ஆல்பம் முழுக்க அனுப்புவதில் பயனில்லை. 20-இல் தாலி கட்டும் படம் இரண்டு போதும். மற்றவை வேறு வேறு நாட்களில், வேறு வேறு ஆட்களோடு எடுத்தவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், இடமிருந்து வலமாகப் பெயரும் உறவும் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் கடைசி ஒரு வாரத்தின் 10 பக்கத்தை எடுத்து வைப்பவர்கள் அதிகம். கல்யாணத்துக்கு முன்னிருந்து இன்றுவரை மாதம் பிரித்து ஒவ்வொரு பக்கம் எடுங்கள். வெறும் ‘சாப்பிட்டீங்களா’ அல்ல, வாடகை, அப்பாவின் சத்திரசிகிச்சை, பிள்ளை பற்றிய பேச்சு வரும் நாட்களை எடுங்கள். தமிழில் இருந்தாலும், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழாக இருந்தாலும் அதிகாரிக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். அதை நீங்களோ உறவினரோ செய்யக் கூடாது, அவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளராகவே இருந்தாலும்.

பெயர் நமக்கே உரிய தலைவலி. பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, கல்யாணப் பதிவில் அப்பாவின் பெயர் முன்னால், பாடசாலைச் சான்றில் முதலெழுத்து மட்டும். கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லாப் படிவத்தையும் நிரப்பி, மற்ற எழுத்துக்கூட்டல்கள் அனைத்தையும் ‘வேறு பெயர்கள்’ என்ற இடத்தில் கொடுங்கள். இவை எல்லாம் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி ஒன்றும் இணையுங்கள். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் வெறுமையாக இருந்தால், முழுப் பெயரையும் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எழுதி, மற்றக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். கோடு, நட்சத்திரம், ‘தெரியாது’ எதுவும் வேண்டாம்.

பொலிஸ் சான்று, 18 வயதுக்குப் பின், கடந்த 10 வருடத்தில் தொடர்ந்து 6 மாதம் அல்லது அதற்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும். டோஹாவில் இரண்டு வருடம் வேலை செய்ததை மறந்துவிட்டு, இலங்கைச் சான்று மட்டும் வைப்பது வழக்கமான தவறு. 5669-இல் அந்த இரண்டு வருடத்தை எழுதாமல் விடுவது அதைவிட மோசம். அந்தப் படிவத்தில் ஒரு மாத இடைவெளிகூட இருக்கக் கூடாது. வேலையில்லாமல் வீட்டில் இருந்த மாதங்களையும் ‘வேலையில்லை’ என்று எழுத வேண்டும். மருத்துவப் பரிசோதனை 12 மாதம்தான் செல்லும் என்பதால், கேட்கும்வரை அவசரப்பட வேண்டாம்.

பணமும் ஒரு சிறிய கட்டமும்

கட்டணம் இரண்டு வழிக்கும் ஒன்றே. 2024 ஏப்ரல் 30-இல் வந்த பட்டியல்படி ஸ்பொன்சர் கட்டணம் 85, துணையின் பரிசீலனைக்கு 545, நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 575, ஆக 1,205 டொலர். கைரேகை 85 தனி. இவை பணவீக்கத்தைப் பார்த்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏறும், ஆகவே கட்டும் நாளில் பட்டியலைப் பார்த்துக் கட்டுங்கள். 575-ஐப் பிறகு கட்டலாம் என்று விடுகிறார்கள். முதலிலேயே கட்டிவிட்டால் கடைசியில் ஒரு கடிதத்துக்காகக் கோப்பு நிற்காது.

ஸ்பொன்சர் நிரப்பும் 1344 படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது, பலர் வாசிக்காமலே குறி போடும் கேள்வி. ஸ்பொன்சர் தகுதியற்றவர் என்று முடிவானால் விண்ணப்பத்தை மீளப் பெறுகிறீர்களா, அல்லது தொடர்கிறீர்களா? மீளப் பெறுவதாகக் குறித்தால் 85 போக மீதிப் பணம் திரும்பும், மேன்முறையீட்டு உரிமை போய்விடும். தொடர்வதாகக் குறித்தால் பணம் போகலாம், உரிமை இருக்கும். அவுட்லாண்டை அந்த உரிமைக்காகவே தேர்ந்தெடுத்துவிட்டு, இந்தக் கட்டத்தில் அதைக் கைவிடுவது விசித்திரம். ஆனால் நடக்கிறது.

மொன்றியலில் இருப்பவர்களுக்கு இன்னொரு படி உண்டு. கியூபெக் மாகாணம் தன் பொறுப்புறுதியைத் தனியாகக் கேட்கும். 2024 ஜூன் 26 முதல் எத்தனை பொறுப்புறுதி விண்ணப்பங்களை எடுப்பது என்று எல்லையும் வைத்தது. அங்கே காத்திருப்பு மற்ற மாகாணங்களோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு நீளும், எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும்.

காத்திருக்கும் மாதங்களில் வீடு மாறினால், கடவுச்சீட்டு புதுப்பித்தால், பிள்ளை உண்டானால், இணையப் படிவம் வழியாக அறிவித்துக்கொண்டே இருங்கள். குறிப்பாக, பி.ஆர். உறுதிப்பத்திரம் கைக்கு வந்து, தரையிறங்குவதற்கு முன் பிள்ளை பிறந்தால், விமானம் ஏறுவதற்கு முன்பே விசா அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிள்ளைக்கும் மருத்துவப் பரிசோதனை முடிந்த பிறகே புறப்பட வேண்டும். சொல்லாமல் இறங்கினால், அந்தப் பிள்ளையைப் பின்னர் அழைக்கப் போகும்போது மேலே எழுத்துக்குச் சொன்ன அதே விலக்கு வந்து நிற்கும்.